பட்டறைப் பதில்கள்: டைமிங் பார்க்கச் சொட்டா, லைட்டா, காதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டீசல் இன்ஜின் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் டீசல் தள்ளத் தொடங்க வேண்டும் என்பது) பற்றியவை. மழைக்கு முன்னால் பம்ப் கழற்றி மாட்டுகிற காலம் என்பதால் இருக்கலாம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்துக்கொள்கிறேன். 38 வருடம் எஃப்.ஐ. பம்ப் (டீசலை அழுத்தி, தெளிக்கும் முனையான நாசிலுக்கு அனுப்பும் பம்ப்) வேலை மட்டும் செய்தவன் என்ற முறையில், இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

கேள்வி: எங்கள் வயலில் 5 எச்.பி. ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜின், 1500 சுற்று. புத்தகத்தில் டைமிங் 23 டிகிரி என்று போட்டிருக்கிறது. பம்ப் எலிமெண்ட் மாற்றிய பிறகு, டவுனிலிருந்து வந்த மெக்கானிக் டைமிங் லைட் வைத்துப் பார்த்தார். 19 காட்டியது. நாலு டிகிரி குறைகிறது என்று பம்புக்கு அடியில் இருந்த மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்துவிட்டார். இப்போது லைட்டில் சரியாக 23 காட்டுகிறது. ஆனால் இன்ஜின் டங் டங் என்று அடிக்கிறது. கைப்பிடி போட்டுச் சுற்றினால் எதிர்த்து அடிக்கிறது. போன வாரம் என் தம்பிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. எங்கள் ஊர் மேஸ்திரி, "சொட்டு விட்டுப் பாக்கணும், இதுக்கு லைட் ஆகாது" என்கிறார். இன்னொருவர் காதால் கேட்டே செட் பண்ணித் தருகிறேன் என்கிறார். யாரைக் கூப்பிடுவது?
*— வாசகர், மன்னார்குடி*

பதில்: முதலில் அந்த இன்ஜினைக் கைப்பிடி போட்டு ஸ்டார்ட் செய்வதை இன்றே நிறுத்துங்கள். மணிக்கட்டு வீங்கியதோடு போனது உங்கள் நல்ல நேரம். டைமிங் அதிகம் முந்திப்போன இன்ஜினில், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் டீசல் பற்றிக்கொண்டு ஃப்ளைவீலைப் பின்பக்கம் தள்ளும். கைப்பிடி கழன்றுகொள்ளாவிட்டால் எலும்பு முறியும். இரண்டு பேரை அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போயிருக்கிறேன்.

உங்கள் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னது சரி. ஆனால் லைட் பொய் சொல்லவில்லை. லைட் காட்டியது ஒன்று, புத்தகம் சொல்வது வேறொன்று. இரண்டும் "டைமிங்" என்ற ஒரே பெயரில் இருப்பதால் வந்த குழப்பம் இது.

புத்தகத்தில் உள்ள 23 டிகிரி, பம்புக்குள் நடப்பதைக் குறிக்கிறது. பாரல் என்ற உருளைக்குள் பிளஞ்சர் என்ற தண்டு ஏறி இறங்கும். பாரலின் பக்கத்தில் ஒரு துளை இருக்கும். டீசல் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். பிளஞ்சர் மேலே ஏறும்போது அதன் மேல்விளிம்பு அந்தத் துளையை மூடுகிற கணம், பிஸ்டன் டாப்புக்கு (உச்சிக்கு) 23 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கிற அளவு அது.

லைட்டின் கிளிப் மாட்டியிருப்பது ஹைபிரஷர் பைப்பில். அழுத்தம் வந்து பைப் நூலிழை விரியும்போதுதான் லைட் அடிக்கும். துளை மூடிய உடனே அழுத்தம் பைப்பின் மறுமுனைக்குப் போய்விடாது. டீசலுக்குள் அழுத்த அலை விநாடிக்கு ஏறக்குறைய 1,350 மீட்டர் வேகத்தில் ஓடும். வேகம்தான், ஆனாலும் நேரம் எடுக்கும். உங்கள் பைப் இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அலை நாசில் பக்கம் வந்து சேர ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 1500 சுற்றில் ஓடும் கிராங்க், அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 9 டிகிரி திரும்பிவிடும். ஆக, அலை வந்து சேருவதற்குள் 4 டிகிரி போய்விட்டது. 23-ல் 4 போனால் 19. லைட்டில் உங்கள் மெக்கானிக் பார்த்தது அதைத்தான்.

அதாவது உங்கள் இன்ஜின் முதலிலேயே சரியாக இருந்தது. இப்போது பம்புக்குள் 27 ஆகியிருக்கிறது. அதனால்தான் அடிக்கிறது, எதிர்க்கிறது. இப்படியே ஓட்டினால் ஹெட் பேக்கிங் போகும், பேரிங் போகும்.

நான் 23 என்ற அளவை நம்பிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இதே வகை கிர்லோஸ்கர் டி.வி.1 இன்ஜின் (87.5 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக்) நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் நிற்கிறது. புங்க எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெய் என்று பயோடீசல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாம் 23 டிகிரியை அடிப்படையாக வைத்துத்தான் முன்பின் நகர்த்திப் பார்க்கிறார்கள். உங்கள் இன்ஜின் வேறு கம்பெனி என்றால் அதன் புத்தகம் சொல்வதே கணக்கு. பழைய லிஸ்டர் வகை 6 எச்.பி., 650 சுற்று இன்ஜினுக்கு 20 டிகிரி. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

இனி சொட்டு விடுகிற முறை. மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

பம்பைச் சுற்றி டீசலில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஹைபிரஷர் பைப்பைக் கழற்றுங்கள். பம்பின் தலையில் அந்தப் பைப் மாட்டியிருந்த டெலிவரி வால்வு ஹோல்டரைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் வால்வையும் மட்டும் எடுத்து, சுத்தமான டீசல் ஊற்றிய டம்ளரில் போடுங்கள். வால்வின் சீட்டிங் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்பத் திருகி, அதன் தலையில் ஒரு வளைந்த குழாயை மாட்டுங்கள். பழைய பைப்பை ஒரு சாண் வெட்டி, வாத்துக் கழுத்துபோல வளைத்து வைத்திருப்பார்கள். ஸ்டாப் லீவர் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டிங்குக்கு அதிக டீசல் கொடுக்கும் நிலையில் விடாதீர்கள். சில பிளஞ்சர்களின் தலையில் அந்த நிலைக்கென்று ஒரு வெட்டு இருக்கும். அப்போது அளவு தள்ளிப்போகும்.

டேங்கைத் திறந்துவிட்டால் வளைந்த குழாயிலிருந்து டீசல் கம்பியாக ஓடும். இன்ஜின் இலகுவாகச் சுற்றும்படி டீகம்ப்ரெஷன் லீவரைத் தூக்கிவிட்டு, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஏறுகிற பக்கமாக, ஓடுகிற திசையிலேயே ஃப்ளைவீலை விரல் விரலாக நகர்த்துங்கள். கம்பி மெலியும். நூலாகும். அப்புறம் அறுந்து சொட்டாகும். சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடும். மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு என்று வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். துளை மூடுகிற இடம் அதுதான். இப்போது பாயிண்டருக்கு (ஃப்ளைவீல் பக்கத்தில் அசையாமல் நிற்கும் குறிமுள்) நேரே ஃப்ளைவீலில் ஒரு கோடு போடுங்கள்.

கொஞ்சம் தாண்டிவிட்டால், தாண்டிய அளவுக்கு மட்டும் பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள விளையாட்டு உங்களை ஏமாற்றிவிடும். கால் சுற்றுப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள். மூன்று தடவை பார்த்து மூன்றும் ஒரே கோட்டில் விழுந்தால்தான் எனக்குத் திருப்தி.

டிகிரிக் கணக்கு எளிது. ஒரு நூலை ஃப்ளைவீல் விளிம்பில் சுற்றி அளந்து 360-ஆல் வகுங்கள். சுற்றளவு 1440 மி.மீ. என்றால் டிகிரிக்கு 4 மி.மீ.; 23 டிகிரிக்கு 92 மி.மீ. பிஸ்டன் உச்சியைக் காட்டும் டாப் கோட்டிலிருந்து ஃப்ளைவீல் சுற்றுகிற திசையிலேயே 92 மி.மீ. அளந்து டைமிங் கோடு போட வேண்டும். இந்த இடத்தில் தேர்ந்த கைகளும் தப்பாக எதிர்த்திசையில் அளப்பதைப் பார்த்திருக்கிறேன். டாப்புக்கு முன்னால் பாயிண்டரைத் தொடுகிற கோடு எது என்று ஃப்ளைவீலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டால் தப்பு வராது.

ஷிம் சேர்த்தால் பம்ப் உயரும், துளை தாமதமாக மூடும், டைமிங் பிந்தும். எடுத்தால் முந்தும். எத்தனை ஷிம் என்று என்னைக் கேட்காதீர்கள். குபோட்டா மாதிரிச் சிறிய இன்ஜின்களில் 0.05 மி.மீ.க்கு அரை டிகிரி என்று கணக்கு உண்டு. உங்கள் கேம் வேறு. ஒரு ஷிம் போட்டுச் சொட்டு பாருங்கள், கோடு எத்தனை மி.மீ. நகர்ந்தது என்று அளந்துகொள்ளுங்கள். மிச்சம் தானாகத் தெரியும். மெக்கானிக் எடுத்த ஷிம்களைத் தூக்கி எறியாமல் இருந்தால் அவற்றையே திரும்பப் போட்டுச் சரிபார்க்கலாம்.

கேள்வி: சொட்டு முறையில்தான் எப்போதும் பார்க்கிறோம். சரியாகவும் வரும். ஆனால் இந்த ஒரு இன்ஜின் மட்டும் 23-ல் வைத்தாலும் நாக்கிங் அடிக்கிறது. நாசில் புதிது. 18-க்குக் கொண்டுவந்தால்தான் சாந்தமாக ஓடுகிறது. ஏன்?
*— வாசகர், பொள்ளாச்சி*

பதில்: உங்கள் டாப் கோடு தப்பாக இருக்கும். ஃப்ளைவீல் எப்போதாவது மாற்றியிருக்கிறீர்களா? அதை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி தேய்ந்து வேறு சாவி அடித்திருக்கிறீர்களா? பாயிண்டர் தகடு வளைந்திருக்கிறதா?

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், எனக்கே நடந்தது. 1987-ல் தனியாகப் பட்டறை போட்ட புதிது. எடப்பாடி பக்கம் ஒரு கிணற்று இன்ஜின். கோட்டைப் பார்த்து 23 வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் ஹெட் பேக்கிங் போனது. மாற்றிக் கொடுத்தேன், மறுபடி போனது. கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற நேரம். அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. கடைசியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் வந்து பார்த்தார். பம்பைத் தொடவே இல்லை. நேராக, வால்வை அழுத்தும் ராக்கரைக் கழற்றி டாப் எங்கே என்று தேடினார். கோட்டுக்கும் உண்மையான டாப்புக்கும் 8 டிகிரி வித்தியாசம். காயலான் கடையிலிருந்து வேறு இன்ஜினின் ஃப்ளைவீலை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். நான் 23 என்று வைத்தது 31.

அன்றிலிருந்து எந்த முறையில் டைமிங் பார்த்தாலும் முதலில் டாப்பைத்தான் பார்க்கிறேன். சொட்டு, லைட், டயல் கேஜ் (முள் உள்ள அளவுமானி) எல்லாமே டாப்பிலிருந்து அளப்பவை. டாப் தப்பென்றால் எல்லாமே ஒரே அளவுக்குத் தப்பு.

டாப்பைக் கண்ணால் பிடிக்க முடியாது. பிஸ்டன் உச்சியில் அசையாமல் நிற்பதுபோலவே இருக்கும். 110 மி.மீ. ஸ்ட்ரோக் இன்ஜினில், டாப்புக்கு 5 டிகிரி முன்னாலும் பின்னாலும் பிஸ்டன் இறங்குவது கால் மில்லிமீட்டர்தான். அதனால் உச்சியைத் தேடாமல், இரண்டு பக்கமும் இறங்கி நடுவைப் பிடிக்க வேண்டும்.

பிஸ்டனை உத்தேசமாக உச்சியில் நிறுத்துங்கள். ராக்கரைக் கழற்றி ஒரு வால்வின் ஸ்பிரிங்கை மட்டும் எடுங்கள். எடுப்பதற்கு முன்பே வால்வுத் தண்டில் மெல்லிய கம்பியைக் கட்டிவிடுங்கள். உள்ளே விழுந்தால் ஹெட்டைத்தான் இறக்க வேண்டும். வால்வு மெதுவாக இறங்கிப் பிஸ்டன்மேல் உட்காரும். தண்டின் தலையில் டயல் கேஜ் வையுங்கள். ஃப்ளைவீலை முன்னும் பின்னும் அசைத்தால் முள் மிக உயரத்தில் ஒரு இடம் காட்டும், அதைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு ஓடுகிற திசையில் நகர்த்தி 2 மி.மீ. இறக்கி, பாயிண்டருக்கு நேரே ஒரு கோடு. மறுபக்கம் திருப்பி, 2 மி.மீ.க்கு மேலாகவே இறக்கி, மறுபடி ஓடுகிற திசையில் வந்து 2 மி.மீ.யில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடு எங்கே விழுகிறதோ அதுதான் டாப். 2 மி.மீ. இறங்க கிராங்க் 14 டிகிரி திரும்ப வேண்டும். அந்த இடத்தில் பிஸ்டன் நன்றாக ஓடுகிறது, முள் தெளிவாக நகரும். அதனால்தான் அங்கே அளக்கிறோம்.

உங்கள் கோடு ஐந்து டிகிரி தள்ளி இருக்கும் என்பது என் கணிப்பு. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஆறு சிலிண்டர் போட் இன்ஜின். வரிசைப் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர்). எங்கள் மேஸ்திரி இன்ஜினை ஓடவிட்டுக் காதால் கேட்டே, பம்பை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கை அசைத்து டைமிங் வைப்பார். இருபது வருடமாக அப்படித்தான். இந்த முறை கடலுக்குப் போனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகைக் குழாய்) சிவக்கிறது, டீசலும் அதிகம் குடிக்கிறது. காது முறை சரியில்லையா?
*— வாசகர், நாகப்பட்டினம்*

பதில்: உங்கள் மேஸ்திரியின் காதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே இன்ஜினை இருபது வருடம் கேட்டவருக்கு அது மாறியிருப்பது என்னைவிட முன்பே தெரிந்துவிடும். ஏதோ மாறியிருக்கிறது என்று காது சொல்லும். எவ்வளவு மாறியது, எதனால் மாறியது என்று அதனால் சொல்ல முடியாது. டைமிங் முந்தினாலும் அடிக்கும், ஒரு நாசில் ஒழுகினாலும் அடிக்கும், சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒழுகுகிற நாசிலின் சத்தத்தை அடக்க டைமிங்கைப் பிந்தவைத்தால் இன்ஜின் கரையில் பட்டுப்போல ஓடும். கடலில் லோடு ஏறும்போது டீசல் தாமதமாக எரியும், எரிகிற நெருப்பு எக்ஸாஸ்ட்டுக்குள் போகும், மேனிஃபோல்ட் சிவக்கும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்று சொல்வதற்குக் காரணம், போட்டில் இன்னும் சில சந்தேகங்கள் உண்டு. புரொப்பெல்லரில் வலைக்கயிறு சுற்றியிருந்தாலும், அடியில் சிப்பி பிடித்திருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மேனிஃபோல்ட் சிவக்கும். செலவில்லாத இவற்றை முதலில் பாருங்கள். அடுத்து ஆறு நாசிலையும் கழற்றி டெஸ்டரில் போட்டு அழுத்தமும் ஸ்பிரேயும் பாருங்கள். டைமிங் அதற்குப் பிறகுதான்.

டைமிங்கை முதல் சிலிண்டரில் சொட்டு விட்டுப் பாருங்கள். இன்ஜின்மேல் வைத்துப் பார்க்க வேண்டியது அந்த ஒன்றுதான். மீதி ஐந்தும் அதற்குச் சரியான இடைவெளியில் டீசல் அனுப்புகிறதா என்பதைப் பம்பைச் சோதிக்கும் பெஞ்சில்தான் பார்க்க முடியும். ஆறு சிலிண்டருக்குப் பம்ப் ஷாஃப்ட்டில் 60 டிகிரி இடைவெளி. அரை டிகிரிக்கு மேல் தள்ளக் கூடாது. பெஞ்ச்காரரிடம் பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள்: பம்ப் பாதி வேகத்தில் சுற்றுகிறது. பம்பில் 1 டிகிரி என்றால் கிராங்கில் 2 டிகிரி. கப்ளிங்கில் உள்ள கோடுகளை எந்தக் கணக்கில் படிக்கிறோம் என்று தெரியாமல் நகர்த்தினால், மூன்று டிகிரி மாற்ற நினைத்து ஆறு மாற்றிவிடுவோம்.

ஓடும்போது பம்ப் கப்ளிங்கைத் தளர்த்தி அசைப்பது வேண்டாம். போல்ட் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலில் சோதிக்க வேண்டியதில்லை. அவருடைய காதைக் கடைசியில் பயன்படுத்துங்கள்: அளந்து வைத்தபின், நல்லா இருக்கா என்று கேட்டுச் சொல்ல.

மன்னார்குடிக்காரருக்கு லைட் உதவவில்லை என்றேன். உங்களுக்கு உதவும். வேகம் கூடும்போது டைமிங்கை முந்தவைக்கும் அட்வான்ஸ் யூனிட் பம்பில் இருந்தால், லைட்டைப் பிடித்து ஆக்சிலரேட்டர் கொடுங்கள். கோடு சீராக நகர வேண்டும். நகராமலோ துள்ளித் துள்ளியோ இருந்தால் யூனிட்டின் ஸ்பிரிங் போயிருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: லைட் வெளிச்சத்தில் சுற்றுகிற ஃப்ளைவீல் நின்றதுபோலத் தெரியும். கையை நீட்டிவிடாதீர்கள்.

கேள்வி: டிராக்டரின் ரோட்டரி பம்பைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினோம். ஃபிளாஞ்சில் (பம்பை மாட்டும் விளிம்பில்) கோட்டுக்குக் கோடு வைத்துத்தான் மாட்டினோம். காலையில் வெள்ளைப் புகை, இழுவை இல்லை. பம்பைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?
*— வாசகர், தாராபுரம்*

பதில்: முதலில் ஏர் எடுங்கள். புதிதாக மாட்டிய பம்பில் காற்று நின்றாலும் இதே புகைதான். போகவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள்.

ஒன்று, ஃபிளாஞ்ச் கோடு அந்தப் பம்புக்கும் அந்த இன்ஜினுக்கும் சேர்த்து ஃபேக்டரியில் போட்டது. சர்வீஸ் கடையில் பம்ப் மாறி வந்திருந்தால், அல்லது ஹவுஸிங்கை மாற்றியிருந்தால், அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இல்லை. பம்பின் தகட்டில் உள்ள எண்ணை உங்கள் பழைய பில்லோடு ஒப்பிடுங்கள். சி.ஏ.வி. கம்பெனியின் டி.பி.ஏ. வகைப் பம்பாக இருந்தால் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே டிரைவ் பிளேட்டில் எழுத்தோடு கோடுகள் தெரியும். இன்ஜினை முதல் சிலிண்டர் டைமிங்கில் நிறுத்தினால், உங்கள் மாடலுக்கான எழுத்தின் கோடு சர்க்ளிப்பின் நேர்முனைக்கு எதிரே வர வேண்டும். எந்த எழுத்து என்பதைப் பம்பின் டெஸ்ட் ஷீட்டில் பாருங்கள். பக்கத்து வயல் டிராக்டரைப் பார்த்து வைக்காதீர்கள்.

இரண்டு, முன்பக்க கியரில் ஒரு பல் மாறியிருக்கலாம். பம்ப் கியரில் 60 பல் என்றால் ஒரு பல்லுக்கு 6 டிகிரி, கிராங்கில் 12. அதைப் பம்பைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது, ஸ்லாட் அவ்வளவு நீளம் இல்லை. கவரைத் திறந்து பார்ப்பதே வழி.

கேள்வி: பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வி.இ. பம்புக்கு (பாஷின் ரோட்டரி பம்ப்) மட்டும் சொட்டு முறை இல்லாமல் டயல் கேஜ் சொல்லித் தருகிறார்கள். ஏன்?
*— வாசகர், காரைக்குடி*

பதில்: நல்ல கேள்வி. பாஷ் கம்பெனி 1927-ல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த வரிசைப் பம்பில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர். ஒவ்வொன்றுக்கும் தனி டெலிவரி வால்வு. எடுத்துவிட்டுச் சொட்டு பார்க்கலாம். வி.இ. பம்பில் ஒரே பிளஞ்சர் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய் எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் பிரித்துத் தருகிறது. டீசல் உள்ளே வரும் வழியும் சுழற்சியில்தான் திறந்து மூடுகிறது. கையால் சுற்றிச் சொட்டு பார்த்தால் தெளிவான இடம் கிடைக்காது. ஆனால் பிளஞ்சர் ஹெட்டின் நடுவிலேயே இருக்கிறது. நான்கு பைப்புகளுக்கு நடுவில் உள்ள பிளக்கைக் கழற்றினால் அதைத் தொட்டுவிடலாம். அதனால், முதல் சிலிண்டர் டாப்பில் இருக்கும்போது பிளஞ்சர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்றே நேராக அளந்துவிடுகிறோம்.

கேஜை மாட்டி, முள் 2 மி.மீ. அளவுக்கு அழுந்தியிருக்கும்படி வையுங்கள். கிராங்கை எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றினால் முள் இறங்கி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அங்கே பூஜ்யம். பிறகு ஓடுகிற திசையில் டாப் வரை வந்து படியுங்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் 1.6 லிட்டர் டீசலுக்கு 0.90 மி.மீ. வேண்டும். கூடக்குறைய இருந்தால் பைப் நட்டுகளையும் பம்ப் போல்ட்டுகளையும் தளர்த்திப் பம்பைத் திருப்பி அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்நேர அட்வான்ஸ் லீவர் இருந்தால் தொடங்கும் முன்பே அதை விடுவித்துவிடுங்கள். கல்லூரி லேபில் மாணவர்கள் விடுவது பெரும்பாலும் இந்த ஒரு படியைத்தான்.

கேள்வி: பைப் வெடித்துவிட்டது. கடைக்காரர் அதைவிட அரையடி குட்டையான பைப் தருகிறார். "வளைவு குறைவு, டீசல் சீக்கிரம் போகும்" என்கிறார். போடலாமா?
*— வாசகர், ஆத்தூர்*

பதில்: வேண்டாம். சீக்கிரம் போவதுதான் பிரச்சினை. முதல் பதிலில் சொன்ன கணக்குப்படி அரையடிக்கு 1500 சுற்றில் ஒரு டிகிரி. பல சிலிண்டர் இன்ஜினில் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டரின் பைப்பையும் சுற்றி வளைத்து மற்றவற்றின் நீளத்துக்கே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடத்தை நிரப்ப அல்ல அது. உள்விட்டமும் அதே அளவாக இருக்கட்டும்.

கேள்வி: புது லாரி, காமன் ரெயில். பிக்கப் இல்லை. டைமிங் கொஞ்சம் தூக்கி வைத்தால் சரியாகுமா?
*— வாசகர், சங்ககிரி*

பதில்: தூக்கி வைக்க அதில் எதுவும் இல்லை. பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகளில் பம்பின் வேலை ரெயிலில் அழுத்தம் ஏற்றுவதோடு முடிந்தது. எப்போது தெளிப்பது என்பதைக் கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் பார்த்து இ.சி.எம். (வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டர்) தீர்மானிக்கிறது. ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்தி "ஏர்" எடுக்கிற பழைய பழக்கத்தை மட்டும் இந்த வண்டியில் காட்டாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், முதலில் வலிகூட இல்லாமல் போகலாம். அப்படி ஆனால் காத்திருக்காமல் அறுவை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். சாதாரண நாசில் டெஸ்டருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: சொட்டு பார்த்துவிட்டு டெலிவரி வால்வைத் திரும்பப் போட்டால் ஹோல்டரில் கசிகிறது. எத்தனை முறுக்கினாலும் நிற்கவில்லை.
*— வாசகர், வேதாரண்யம்*

பதில்: முறுக்குவதை நிறுத்துங்கள். அதிகம் முறுக்கினால் பாரல் பிதுங்கி பிளஞ்சர் இறுகிவிடும், டீசல் அளவை மாற்றும் ரேக் அசையாது. கசிவு பெரும்பாலும் வாஷரால்தான். சொட்டு பார்க்கும்போது பழைய வாஷரோடு பாருங்கள், முடித்து மாட்டும்போது புதியது போடுங்கள். துணியால் துடைக்காதீர்கள், ஒரு நூலிழை போதும் கசிவதற்கு. டீசலில் அலசி, ஈரத்தோடே போடுங்கள். வால்வை அதன் சீட்டிங்கில் வைத்தால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். டார்க் ரென்ச் வைத்துப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். முறுக்கியபின் ரேக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யலாம்.